நெல்லிக்குன்றின் வடக்குச் சுவர்

நெல்லிக்குன்று கல்குவாரி,
செங்கல்பட்டு வழி,
17.1.1993

அன்புள்ள பானுமதிக்கு,

உன் அம்மாவின் அண்ணன், குவாரி மாமா பக்தவச்சலம், சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம் இது. நம்பாவிட்டால் எழுத்தைப் பார். வரப்பை விட்டு இறங்கிய எருமை மாதிரி அதன் இஷ்டத்துக்குப் போகிறது. எனக்கு இருமலைத் தவிர வேறு குறை இல்லை. ஐதராபாத்தில் உன் உடம்பு எப்படி?

போன வருடம் எங்கள் குவாரி எடைக் கொட்டகையிலேயே, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி வகுப்பு ஆரம்பித்தார்கள். கோமளம் டீச்சர் திருக்கழுக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வந்து சொல்லித்தருகிறார். எனக்கு வயது அறுபத்து நான்கு. முப்பத்தொரு வருடம் பாறையில் வெடிக்குழி போட்ட கை, பேனாவுக்கு இன்னும் வளையவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வரி. இன்று நான்காவது நாள். இருந்தாலும் இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. பஸ்ஸில் ஊர்ப் பெயரை நானே படித்துவிட்டு ஏறுகிறேன். ஏறாத பஸ்ஸையும் படிக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு சுத்தியலோடு இங்கே வந்து, வடக்குச் சுவரில் ஒரு பகல் முழுக்க ஒட்டிக்கொண்டு நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? மேஸ்திரி உலகநாதன் இன்னும் கேட்கிறார். "இன்னா அண்ணாத்த, ஒங்க தங்கச்சி பொண்ணு கல்லைத் தடவிகினே நின்னுச்சே, மாடு வாங்க வந்துச்சா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே என்னதான் பார்த்தாய்? எழுது. இப்போது என்னால் படிக்க முடியும். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
பக்தவச்சலம்


ஐதராபாத்,
20.2.1993

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். உண்மையில் களைப்பாக இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இது ஆறாவது வருடம். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா?

வடக்குச் சுவரில் பார்த்ததைச் சொல்கிறேன். பாறையைப் படிப்படியாக வெட்டி இறங்குகிறீர்கள் அல்லவா? மூன்றாம் படியில் இடப்பக்கம் கறுத்த பாறை. வலப்பக்கம் வெளுத்த, வரி ஓடிய பாறை. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு இரண்டும் முறுக்கிப் பிசைந்த மாதிரி ஒரு பட்டை.

பூமியின் மேல்தோல் ஒரே துண்டு இல்லை, மாமா. பல தகடுகள். கடலடித் தகடு கனமானது. அது பக்கத்துத் தகட்டுக்குக் கீழே சரிந்து இறங்கும். ஆழத்தில் அதிலுள்ள நீர் பிரிந்து மேலேறும். அந்த நீர் பட்ட பாறை உருகும். உருகியது எழும்பிக் குளிர்ந்து புது நிலமாகும். அப்படி உண்டான இரண்டு நிலங்கள், நடுவிலிருந்த கடல் தீர்ந்துபோனதும், ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டன. இருநூற்றைம்பது கோடி வருடத்துக்கு முன்பு. நீங்கள் நிற்கும் இடம் அப்போது இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து கரைந்துபோய், இன்று நெல்லிக்குன்று வெளியே தெரிகிறது. அந்தப் பட்டைதான் இரண்டு நிலமும் ஒட்டிய இடம் என்பது என் எண்ணம்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒப்பவில்லை. ஒரே பாறைதான், நிறம் மட்டும் வேறு என்கிறார். வயது பார்த்தால் தெரிந்துவிடும். பாறைக்குள் சிர்க்கான் என்று மணலைவிடச் சிறிய மணிகள் உண்டு. அதில் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறதோ அதுவே வயது. இரண்டு பக்கத்துக் கல்லும் என்னிடம் நன்றாக இருக்கின்றன. பட்டையில் எடுத்தது மட்டும் வெயிலும் மழையும் தின்ற மேல்கல், உதவவில்லை.

என்னால் இங்கிருந்து நகர முடியாது. பேராசிரியரின் வகுப்புகளையும் நான்தான் எடுக்கிறேன். மூன்றாம் படியில் அந்தப் பட்டையிலிருந்து, உள்கல்லாக, தேங்காய் அளவில் ஏழு கற்கள் எடுத்து, ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு அனுப்புவீர்களா? பட்டையிலிருந்து மட்டும். என் ஆறு வருடமும் அதில்தான் இருக்கிறது.

அன்புடன்,
பானு


நெல்லிக்குன்று,
14.3.1993

அன்புள்ள பானுவுக்கு,

மாமா எழுதுகிறேன். இருமல் கூடவே இருக்கிறது, பழகிவிட்டது. களைப்பு என்று எழுதியிருந்தாய். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படிக்க எட்டு நாள் ஆயிற்று. எனக்கென்று யாரும் இரண்டு பக்கம் எழுதியதில்லை. வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். லாரி டிரைவர் தேவசகாயம், "இருநூத்தம்பது கோடி வருசமா வெந்த கல்லைத்தான் நாம ஒடைச்சு ரோட்டுல கொட்றமா? பேஜாரா கீதே நைனா!" என்றான். உலகநாதன் விடவில்லை. "அண்ணாத்தைக்குப் படிப்பு ஏறிப்போச்சுடா. இனிமே கல்லுக்கு வணக்கம் சொல்லிட்டுதான் வெடி வெப்பாரு."

எனக்குச் சில சந்தேகம். மோதியபோது சத்தம் கேட்டிருக்குமா? எவ்வளவு நாள் மோதியது? நடுவில் இருந்த கடல் தீர்ந்தது என்றால் தண்ணீர் எங்கே போயிற்று? இருபத்தைந்து கிலோமீட்டர் என்றால் இங்கிருந்து மாமல்லபுரம் போய்ச் சேரும் தூரம். அவ்வளவையும் காற்றும் மழையுமா தேய்த்தது? அடே அப்பா.

கற்களைப் பற்றிக் கவலைப்படாதே. அனுப்பிவிடுகிறேன்.

ஆசிகளுடன்,
பக்தவச்சலம்


ஐதராபாத்,
2.4.1993

அன்புள்ள மாமா,

நலமா? இங்கே வெயிலும் வேலையும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை.

உங்கள் சந்தேகங்கள் என் மாணவர்களுக்கு வருவதில்லை. மோதல் ஒரு நாளில் நடந்ததில்லை. நகம் வளரும் வேகத்தில், பல கோடி வருடம். நடுநடுவே பூகம்பங்கள். அவற்றைக் கேட்க அப்போது காது படைத்த உயிர் எதுவும் இல்லை. இமயமலையில் அதே மோதல் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் வேறு கடல்களுக்குப் போயிற்று. ஆமாம், தேய்த்தது காற்றும் மழையும்தான். அவற்றுக்கு அவசரமே இல்லை, எனக்குத்தான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பட்டை அப்படியே இருக்கிறதா? வடக்குச் சுவரில் எதுவரை வெட்டியிருக்கிறார்கள்? இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
பானு


நெல்லிக்குன்று,
9.5.1993

அன்புள்ள பானுவுக்கு,

கற்களை இன்று பார்சல் ஆபீசில் ஏற்றிவிட்டேன். தேவசகாயம் லாரியில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். சிமெண்டுச் சாக்கில் வைக்கோல் சுற்றிக் கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் தேய்த்துக் குளிப்பாட்டி, வெள்ளை பெயிண்டில் எண் போட்டேன். ஐந்தாம் எண்ணுக்கு வயிறு கொஞ்சம் பெருத்துவிட்டது, மன்னித்துக்கொள். கறுப்பும் வெளுப்பும் பின்னிக்கொண்டு எல்லாம் பார்க்க அவ்வளவு அழகு. உலகநாதன் பார்த்துவிட்டு, "சம்பந்தி வூட்டுக்குச் சீர் அனுப்பறியா?" என்று கேட்டார்.

வடக்குச் சுவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வருடம் இங்கே வெயில் அதிகம்.

டீச்சர் எனக்கு நூலகத்தில் பெயர் பதிந்து கொடுத்திருக்கிறார். பூமியைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்திருக்கிறேன். படம் நிறைய. உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

ஆசிகளுடன்,
பக்தவச்சலம்


ஐதராபாத்,
22.8.1993

அன்புள்ள மாமா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். காய்ச்சலில் இரண்டு வாரம் போயிற்று. இப்போது பரவாயில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

ஏழு கற்களும் சேதமில்லாமல் வந்தன. இத்தனை சுத்தமான கற்கள் இந்த ஆய்வகத்துக்கு வந்ததே இல்லை என்று இங்கே கல் வெட்டுகிறவர் சொன்னார். இடித்து, சலித்து, நுண்ணோக்கியின் கீழ் உட்கார்ந்து மணிகளைப் பொறுக்கி எடுத்தேன். இரண்டு மாதம். கண் எரிகிறது. வயது பார்க்க வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு முறைதான் அவர்கள் பார்த்துத் தருவார்கள். முடிவு வர நான்கைந்து மாதம் ஆகும். இனி என் கையில் எதுவும் இல்லை.

அன்புடன்,
பானு


நெல்லிக்குன்று,
19.12.1993

அன்புள்ள பானுவுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதம் வந்து நான்கு மாதமாகப் பதில் எழுதவில்லை. மழை. குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, வேலை இல்லை. நேரம் இருந்தது, ஆனாலும் எழுதவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். ஒரே மாதிரி இருக்கிற கல் இரண்டு இடத்தில் இருந்தால், இதற்குப் பதில் அதை வைத்து வயது பார்க்கலாமா? பார்க்க ஒரே மாதிரி, தட்டினால் ஒரே சத்தம். அப்போதும் வித்தியாசம் வருமா?

காய்ச்சல் திரும்ப வரவில்லையே? பதில் எழுது.

பக்தவச்சலம்


ஐதராபாத்,
28.1.1994

அன்புள்ள மாமா,

நலம் விசாரித்ததற்கு நன்றி. முடிவு வந்துவிட்டது. ஏழு கற்களுக்கும் ஒரே வயது. கறுத்த பாறையின் வயதேதான்; வெளுத்த பாறையில் அளக்கும்படி மணி கிடைக்கவில்லை. பட்டையில் மோதலின் சுவடே இல்லை. பேராசிரியர் சொன்னதுதான் சரி. அங்கே இரண்டு நிலமும் இல்லை, நடுவில் கடலும் இல்லை. நான் ஆறு வருட ஆராய்ச்சியில் கண்டது வெறும் நிற மாற்றம்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்மா, போய்த் தூங்கு" என்றார்.

கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை இருப்பதாக அம்மா எழுதியிருக்கிறாள். மார்ச் பதினைந்தாம் தேதி ஆராய்ச்சியிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுக்கப்போகிறேன். அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வித்தியாசம் வரும். எட்டு அடி தள்ளி எடுத்தாலே வேறு கதை ஆகிவிடும். அதனால்தான் பட்டையிலிருந்து மட்டும் என்று எழுதினேன். நீங்கள் அவ்வளவு சிரமப்பட்டு எடுத்து அனுப்பினீர்கள். உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை.

பானு


நெல்லிக்குன்று,
20.2.1994

பானு,

விலகல் கடிதத்தைக் கொடுக்காதே. முதலில் இதைப் படி. பதினாறு நாளாக எழுதுகிறேன்.

அந்த ஏழு கல்லும் வடக்குச் சுவர்க் கல் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய குவாரியில் எடுத்தது.

உன் முதல் கடிதம் வருவதற்குப் பதினோரு நாள் முன்பு மூன்றாம் படியில் வெடி வைத்துவிட்டார்கள். குழி போட்டது நான்தான். கடிதம் வந்தபோது நீ சொன்ன இடத்தில் காற்றுதான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பள்ளத்தில் கல் குறைந்தால் பக்கத்துப் பள்ளத்திலிருந்து அள்ளி லோடை நிரப்பி அனுப்புவோம். கல் ஒரே ஜாதியாக இருந்தால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள். முப்பத்தொரு வருடம் அப்படித்தான் செய்தேன். உன் லோடையும் அப்படியே நிரப்பினேன். பட்டை மாதிரியே பின்னிய கல்லாகப் பார்த்து, ஒன்றுக்கு மூன்றாகத் தேடித்தான் எடுத்தேன். அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அப்போதுதான் நீ எனக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். கல் இல்லை என்று எழுதினால் நமக்குள் எழுத ஒன்றும் இருக்காது, கடிதம் நின்றுபோகும் என்று பயந்தேன். வாயால் நான் பொய் சொன்னதுண்டு. எழுத்தில் சொன்னது இதுதான் முதல்.

இப்போது கேள். நீ விலகுவதாக எழுதிய கடிதம் வந்ததும் தேவசகாயத்தைப் பிடித்தேன். "வடக்குச் சுவர் கல்லு எங்கடா போச்சு?" என்று கேட்டேன். "ஜல்லிக்குப் போவல நைனா. பெரிய கல்லா ஏழு லோடு, மகாபலிபுரத்துக்குத் தெக்கால குப்பத்துல, அலை அரிக்காம கரையில கொட்டுனேன்" என்றான். மறுநாளே பஸ் ஏறினேன். மூன்று நாள் தேடினேன். கல்மேல் கல்லாகக் கொட்டியிருக்கிறார்கள், பாசி வழுக்குகிறது. மீன் விற்கிற அம்மா ஒருத்தி பார்த்துவிட்டு, "இன்னா பெருசு, கல்லுல இன்னாத்த தேடிகினு கீற? மோதிரம் கீதிரம் வுட்டுட்டியா?" என்றாள். "கல்லைத்தாம்மா தேடறேன்" என்றேன். "அதான் இம்மாம் கீதே, எடுத்துக்கோ" என்றாள்.

பாறை பிளக்கும்போது வெடிக்குழியும் பாதியாகப் பிளக்கும். மூங்கிலைப் பிளந்த மாதிரி ஒரு பள்ளக்கோடு கல்லில் நிற்கும். எங்கள் குவாரியில் குழியெல்லாம் நேராகத்தான் இறங்கும். அந்தப் பட்டையில் மட்டும் நேராகப் போட்டால் துளைக்கம்பி சிக்கிக்கொண்டது. ஒரு பக்கம் இளக்கம், ஒரு பக்கம் இறுக்கம். அதனால் வெளுத்த பக்கத்திலிருந்து கறுத்த பக்கத்துக்குச் சாய்த்துப் போட்டேன். நான்கு குழி. வேறு எங்கும் அப்படிப் போட்டதில்லை.

சாய்ந்த குழி ஓடிய கல் இரண்டு அங்கே கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மாட்டு வண்டி அளவு. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளுப்பு, நடுவில் உன் பட்டை. நான் கை வைக்கவில்லை. தட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்து நீயே பார்.

மன்னிக்கச் சொல்லி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

பக்தவச்சலம்


ஐதராபாத்,
21.3.1994

மாமா,

விலகல் கடிதம் கொடுக்கவில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி ஞாயிறு காலை அந்தக் குப்பத்துக்கு வருகிறேன். கற்களைத் தொட வேண்டாம். பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம். கல் அருகே இருந்தால் போதும்.

பானுமதி


நெல்லிக்குன்று,
10.4.1994

பானுவுக்கு,

நேரில் பேச முடியாததை எழுதுகிறேன். அன்று நீ மெலிந்துபோய் வந்தாய். கழுத்தெலும்பு தெரிந்தது. நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நீ கேட்டது இடம், தேதி, குழியின் சாய்வு, இவ்வளவுதான். வேறு ஏதாவது கேட்பாய் என்று நின்றுகொண்டிருந்தேன்.

பட்டையில் கை வைத்து நீ வெகுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். அலை உன் செருப்பை இழுத்துக்கொண்டு போனதுகூட உனக்குத் தெரியவில்லை. நான் இறங்கி எடுத்து வந்து வைத்தேன். பிறகு அளவு தெரிவதற்காக என்னைக் கல் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தாய். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

குப்பத்து ஆட்கள் அந்த இரண்டு கல்லையும் நகர்த்தமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பதில் எழுத வேண்டும் என்று இல்லை. சாப்பிடு, தூங்கு.

பக்தவச்சலம்


ஐதராபாத்,
27.11.1994

அன்புள்ள மாமா,

இருமல் எப்படி இருக்கிறது? மழைக்காலத்தில் பஸ்ஸில் கடற்கரைக்குப் போய்வருவதை நிறுத்துங்கள். கல் ஓடிப்போகாது.

உங்கள் கடிதம் வந்து ஏழரை மாதம் பதில் எழுதவில்லை. கோபம் பாதி நாள். மீதி நாள் வேலை. அன்று கடற்கரையில் நான் உடைத்தெடுத்த துண்டுகளுக்கு இன்னொரு முறை வயது பார்த்துத் தரச் சொல்லி அந்த ஆய்வகத்துக்கு எழுதுவதற்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. தவறு நடந்த விதத்தை மறைக்காமல் எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள்.

கறுத்த பக்கம் இருநூற்று ஐம்பத்து நான்கு கோடி வருடம். வெளுத்த பக்கத்திலும் இந்த முறை மணி கிடைத்தது, இருநூற்று அறுபத்தொரு கோடி. பட்டையில் இருக்கும் மணிகளின் வெளிவிளிம்பு மட்டும் இருநூற்று ஐம்பத்தொரு கோடி. இரண்டும் தனித்தனியாகப் பிறந்து, பிறகு ஒன்றாக வெந்திருக்கின்றன. அவை மோதின, மாமா.

பேராசிரியர் தாளைப் படித்தார். பிறகு, "குன்றில் இல்லாத கல். கடற்கரையில் கிடந்தது. யார் சொல்லி நம்புவது?" என்றார். நியாயமான கேள்வி. என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "கற்கள் 1–7 வேறு குவாரியைச் சேர்ந்தவை. கொடுத்தவரே பின்னர் அதைத் தெரிவித்தார். கற்கள் 8, 9 நெல்லிக்குன்று வடக்குச் சுவர், மூன்றாம் படி. அடையாளம் காட்டியவர், அந்தப் பாறையில் வெடிக்குழி போட்ட பக்தவச்சலம். முதல் கற்களைக் கொடுத்தவரும் அவரே."

இரண்டையும் சேர்த்துத்தான் எழுத முடிந்தது. ஒன்றை விட்டுவிட்டால் மற்றதை யாரும் நம்பமாட்டார்கள். உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் வலித்தது.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு எனக்குப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். "அந்த ஆளை அழைத்து வர முடியுமா?" என்று பேராசிரியர் கேட்டார். வருவார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். ரயில் டிக்கெட் இத்துடன் இருக்கிறது. பெட்டி எண்ணை நீங்களே படித்து ஏறிவிடுவீர்கள். சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே குளிர்.

பெரிய மேசை, கோட்டுப் போட்ட நான்கு பேர். நான் பக்கத்தில் இருப்பேன், தமிழில் சொன்னால் போதும். அவர்கள் உங்களிடம் கேட்கப்போவது ஒரே கேள்வி: இந்தக் கல் எங்கிருந்து வந்தது?

அன்புடன்,
பானு